எருமையை ராகிங் பண்ணப் போன கீரி

ஒரு காட்டில், ஆத்தங்கரையை ஒட்டி, விலங்குகளுக்குன்னே ஒரு காலேஜ் இருந்துச்சு. வாசல்ல 'இது ராகிங் இல்லாத கல்லூரி'ன்னு பெரிய பலகை. அதை மரத்துல ஆணி அடிச்சு மாட்டியிருப்பாங்கன்னு நினைச்சா அது உங்க வெகுளித்தனம். புதுசா சேர்ந்த பசங்க ரெண்டு பேரு, ஆளுக்கொரு பக்கம் ஒத்தைக் கால்ல நின்னு தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருப்பாங்க. பலகை கொஞ்சம் சாஞ்சாலும் சீனியர் வந்து மண்டையில ஒரு தட்டு தட்டுவாரு.

ராகிங் ஒழிப்புக் கமிட்டியும் இருந்துச்சு. தலைவர் பேராசிரியர் திருவேங்கடம், அவரு ஒரு முதலை. எந்நேரமும் மடுவுல வாயைத் திறந்து வச்சுக்கிட்டே கிடப்பாரு. சொல்றதைக் கேக்குறாரா தூங்குறாரான்னு கிட்டப் போய்ப் பாக்குற தைரியம் யாருக்கும் கிடையாது. கமிட்டிக்குக் குமாஸ்தா ஒரு கொக்கு. மாணவர் பிரதிநிதி மூணாம் வருஷம் படிக்கிற காட்டுப்பன்னி, பேரு பூவலிங்கம். காலேஜ்லயே அதிகமா ராகிங் பண்றது யாருன்னு கேட்டாலும் பூவலிங்கம்தான். விஷயம் தெரிஞ்ச ஆளா இருக்கட்டும்னு போட்டிருந்தாங்க.

புகார்ப் பெட்டியை இலவ மரத்து உச்சியில கட்டியிருந்தாங்க. அவ்வளவு முள்ளுல ஏறிப் புகார் போடுற தைரியம் ஒருத்தனுக்கு இருந்தா, அவனை ராகிங் என்ன பண்ணிடப் போவுதுன்னு கமிட்டியோட எண்ணம்.

இந்தக் கதை தவசியைப் பத்தினது. தவசி ஒரு கீரி. ரெண்டாம் வருஷம் படிச்சான். ஊளை மன்றத்துல உறுப்பினர்.

ஊளை மன்றம்னா அந்தக் காட்டுல தனி மரியாதை. ஆண்டு விழாவுல ஊளை போடுறது இவங்கதான். மெஸ்ஸுல இவங்க சாப்பிட்டு எந்திரிச்ச அப்புறம்தான் மத்தவங்களுக்கு இலை. மழைக்காலத்துல தண்ணி ஏறாத மேட்டுப் பாறை இவங்களுக்குத்தான். எல்லாத்துக்கும் மேல, மன்றத்துப் பையன்னு தெரிஞ்சா கழுகுகூடத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தரம் யோசிக்கும். தவசி மாதிரி சின்ன உடம்புக்காரனுக்கு அந்த ஒரு தரம் போதும், புதருக்குள்ள ஓடிடலாம். செயலாளர் பூவலிங்கம். அவருக்கு ஊளையிட வராது. அதனாலதான் செயலாளர்.

மன்றத்துல ஒரு முறை உண்டு. புதுசா சேர்ற ஜூனியரை ரெண்டாம் வருஷத்துப் பசங்க ராகிங் பண்ணணும். பண்ணி, அவன் கண்ணுலருந்து ஒரு சொட்டுத் தண்ணி மன்றத்துப் பாறை மேல விழ வைக்கணும். அதைச் செயலாளர் கண்ணால பாக்கணும். பாத்தாருன்னா, அழுதவன் மன்றத்துல உறுப்பினர், அழ வச்சவன் சீனியர். அழ வைக்க முடியலைன்னா ரெண்டாம் வருஷத்துக்காரன் மறுபடி ஜூனியர். முதல்லருந்து எல்லாத்தையும் அவன் படணும். இதை யாரு ஆரம்பிச்சாங்க, எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. கேட்டா, "முறைடா"ன்னு பூவலிங்கம் மூக்கால உறுமுவாரு. அதோட விளக்கம் முடிஞ்சுது.

தவசி போன வருஷம் எல்லாத்தையும் பட்டுட்டான். அழுது, உறுப்பினராகி, அந்த ஒரே நினைப்புலதான் வருஷத்தை ஓட்டினான். ஜூன் வரட்டும், ஒரு ஜூனியர் வரட்டும். தவளையோ, அணிலோ, யாரா இருந்தாலும் சரி.

அந்த வருஷம் ஊளை மன்றத்துக்கு வந்தது ஒரே ஒரு ஜூனியர். எருமை. பேரு சொரிமுத்து.

பூவலிங்கம் தவசி தோள் மேல காலை வச்சாரு. தவசி பாதி மண்ணுக்குள்ள போயிட்டான். "தம்பி, உனக்குன்னு வந்திருக்கான். ஆண்டு விழாவுக்குள்ள ஒரு சொட்டு. இல்லைன்னா தெரியும்ல?"

"தெரியும்ணே."

"என்னை 'அண்ணே'ன்னு கூப்பிடுற உரிமை சீனியருக்குத்தான். உனக்கு இப்பவே குடுத்து வச்சிருக்கேன். சொட்டு விழலைன்னா மறுபடி 'சார்'தான்."

தவசி அன்னிக்கே போய் எருமை முன்னாடி நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னான். எருமைக்கு அவன் தெரியலை. கல்லு மேல ஏறி நின்னான். அப்பத் தெரிஞ்சுது.

"பேரு என்னடா?"

"சொரிமுத்து."

"சார் போட்டுச் சொல்லு."

"சொரிமுத்து சார்."

"டேய், உன்னை நீயே சார்ங்குறியா?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க. நான் எங்க வேணும்னாலும் போட்டுக்கலாம்னு நினைச்சேன்."

தவசிக்கு லேசா வேர்த்துச்சு. அடுத்ததுக்குப் போனான். அந்தக் காலேஜ்ல ஜூனியர் யாரும் சீனியர் மூஞ்சியைப் பாக்கக்கூடாது. முன்னங்கால்ல மூணாவது நகத்தைத்தான் பாக்கணும். "குனிடா! என் மூணாவது நகத்தைப் பாருடா!"

சொரிமுத்து குனிஞ்சான். கீரி நகம் எவ்வளவு இருக்கும்? எருமைக் கண்ணுக்கு அது அகப்படலை. இன்னும் கிட்ட வந்து, மூக்கை வச்சுத் தேடி, ஒரு பெருமூச்சு விட்டான். அந்த மூச்சுல தவசி கல்லுலருந்து கிளம்பிப் போய் ஆவாரம் புதருக்குள்ள விழுந்தான்.

"சார்? எங்க போனீங்க? முதல் நகம்தான் பாத்திருக்கேன்."

புதருக்குள்ளருந்தே தவசி கத்தினான். "எருமை மாடே!"

"சொல்லுங்க சார்."

"அறிவிருக்காடா உனக்கு?"

"அதை அட்மிஷன்ல கேக்கலை சார்."

அந்தக் காலேஜ்ல யாரையாவது ரொம்பக் கேவலமாத் திட்டணும்னா 'மனுசா'ன்னுதான் திட்டுவாங்க. அதைக் கேட்டுட்டு ஒரு நரி படிப்பையே நிறுத்திட்டுப் போயிருக்கு. தவசி மனசைத் திடப்படுத்திக்கிட்டு அதையும் எடுத்து விட்டான். "போடா மனுசப் பயலே!"

சொரிமுத்து முகம் மலர்ந்துச்சு. "சார், எங்கம்மா பால்காரர் வீட்டுலதான் இருந்தாங்க. நல்ல சனங்க சார். கழுநீர்ல உப்புப் போட்டு வைப்பாங்க. உங்களுக்கும் அங்க பழக்கமா?"

மறுநாள் தவசி வேற வழி பாத்தான். விளையாட்டு மைதானத்தைப் புல்லால அளக்கச் சொல்றது. போன வருஷம் தவசியே அளந்திருக்கான். குனிஞ்சு குனிஞ்சு முதுகு கழண்டு போகும். ஒரு புல்லைப் பிடுங்கிக் கையில குடுத்தான். "இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் எத்தனை புல்லுன்னு அளந்து சொல்லு. தப்பாச் சொன்னா மறுபடி முதல்லருந்து."

"சரி சார்."

தவசி திரும்பி நின்னு கொட்டாவி விட்டுட்டுப் பாத்தான். புல்லைக் காணோம்.

"எங்கடா புல்லு?"

"தின்னுட்டேன் சார். வேற குடுங்க."

வேற குடுத்தான். அதுவும் போச்சு. "கையில வச்சுக்கடா"ன்னான். "வாயிலதான் சார் வச்சிருந்தேன்"ன்னான். கொஞ்ச நேரத்துல, எதுக்கு ஒவ்வொண்ணா வாங்கணும்னு சொரிமுத்து மைதானத்துலருந்தே நேரடியா எடுத்துக்க ஆரம்பிச்சான். சாயங்காலம் வாலிபால் விளையாட வந்த குரங்குங்க வெறும் மண்ணைப் பாத்து மலைச்சு நின்னுச்சுங்க.

"அளந்துட்டேன் சார்"ன்னான் சொரிமுத்து. "மொத்த மைதானமும் ஒரு வேளைக்கு வருது. கொஞ்சம் பத்தலை."

கடைசியா தவசி தன்கிட்ட இருந்ததுலயே பெரிய ஆயுதத்தை எடுத்தான். போன வருஷம் அவனை ஓடைத் தண்ணியில நிறுத்தித்தான் அழ வச்சாங்க. "குட்டையில இறங்குடா. கழுத்து வரைக்கும். நான் சொல்ற வரைக்கும் வெளிய வரக்கூடாது."

முறைப்படி, தண்டனை குடுத்த சீனியர் கரையை விட்டு நகரக்கூடாது. சொரிமுத்து இறங்கினான். சேத்துல ஒரு தரம் புரண்டான். கண்ணை மூடினான். வெயில் உச்சிக்கு ஏறுச்சு. தவசி கரையில நின்னான். நாக்கு வெளிய வந்துருச்சு. "போதும், வாடா"ன்னு சொல்லலாம்தான். சொன்னா தோத்த மாதிரி. பொழுது சாயுறப்போ, கண்ணு இருட்டிக்கிட்டு வர, தாங்காமச் சொல்லிட்டான். "டேய்... வெளிய வாடா."

"அதுக்குள்ளயா சார்?" சொரிமுத்து தலையை மட்டும் தூக்கினான். "ரொம்ப நல்ல காலேஜ் சார். எங்க ஊர்ல இதுக்குக் குச்சியெடுத்து அடிப்பாங்க. இங்க சார் மாதிரி பெரியவங்களே சொல்லி இறக்கி விடுறீங்க. நாளைக்கும் உண்டா?"

இப்படியே போச்சு. தவசி இளைச்சான். வால்ல முடி கொட்டுச்சு. சொரிமுத்து பெருத்தான்.

பூவலிங்கம் மெஸ்ஸுல கிழங்கைக் கடிச்சுக்கிட்டே கேட்டாரு. "ஆண்டு விழா வரப் போவுது. சொட்டு எங்க?"

"வந்துரும்ணே. உள்ளுக்குள்ள ஊறிக்கிட்டு இருக்கு."

"ஜூனியரா நிக்கப் போறது அவனா, நீயான்னு பசங்க பந்தயம் கட்டுறானுங்க."

"நீங்க யாரு மேலண்ணே கட்டியிருக்கீங்க?"

பூவலிங்கம் கிழங்கைத்தான் கடிச்சாரு. தவசிக்கு அன்னிக்குச் சோறு இறங்கலை. மறுபடி அந்த ஓடை. மறுபடி அந்தச் சிரிப்பு. இல்லைன்னா மன்றத்தை விட்டே போயிடணும். போனா, மேட்டுப் பாறை கிடையாது, வானத்துல கழுகு.

மத்தியானம் நேரா சொரிமுத்துகிட்டப் போனான். அவன் மன்றத்துப் பாறை பக்கத்துல நிழல்ல நின்னு அசை போட்டுக்கிட்டிருந்தான். பக்கத்துல யாரும் இல்லை. தவசி கல்லு மேல ஏறலை. கீழயே உக்காந்துட்டான்.

"தம்பி, உன்னால எனக்கு ஒரு உதவி ஆகணும்."

"சொல்லுங்க சார்."

"கொஞ்சம் அழுவுறியா?"

சொரிமுத்து அசை போடுறதை நிறுத்தினான். "எதுக்கு சார்?"

தவசி முறையைச் சொன்னான். சொட்டைச் சொன்னான். விழலைன்னா தனக்கு என்ன ஆகும்கிறதையும் சொன்னான்.

"அட, இத்தனை நாளா நீங்க என்னை ராகிங்கா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" சொரிமுத்துக்கு உண்மையிலேயே வருத்தமாப் போச்சு. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். நான் ஏதோ ஹாஸ்டல்ல வசதி பண்ணிக் குடுக்குறீங்கன்னு நினைச்சேன். இருங்க, அழுவுறேன்."

முயற்சி பண்ணான். கண்ணை இறுக்கினான். காதை ஆட்டினான். ஒண்ணும் வரலை. தவசி ஓடிப் போய்க் காந்தாரி மிளகா பறிச்சுட்டு வந்தான். சொரிமுத்து செடியோட வாங்கித் தின்னுட்டு, "தொட்டுக்க ஏதாவது இருக்கா சார்?"ன்னு கேட்டான்.

"சோகமா எதையாவது நினைச்சுக்கடா. வீட்டுல யாருக்காவது உடம்பு கிடம்பு..."

"எல்லாரும் நல்லாருக்காங்க சார். நேத்துதான் மைனாகிட்டச் சொல்லி விட்டாங்க."

"காதல் தோல்வி?"

"எனக்கு ஞாபகம் நிக்காது சார்."

தவசி தலையில கையை வச்சுக்கிட்டான். "உன்னைக் குத்தம் சொல்லி என்ன பண்ண. ராகிங்னா என்னன்னே உனக்குத் தெரியலை. போன வருஷம் என்னைப் பண்ணாங்க பாரு, அதுதான் ராகிங்." சொல்லும்போதே சிரிக்க ஆரம்பிச்சுட்டான். மன்றத்துல அதை எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வான். சொன்னா எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. "நான் இங்க சேரும்போது நல்லாப் பாடுவேன்டா. சீழ்க்கை மாதிரி வரும். பாடணும்னுதான் மன்றத்துலயே சேந்தேன். என்னைக் கொண்டுபோய் மார்கழிப் பனியில ஓடைத் தண்ணியில நிறுத்திட்டாங்க. எதிர மலை இருக்குல்ல? அது திருப்பிச் சொல்ற வரைக்கும் ஊளையிடுன்னாங்க. நான் இடுறேன், மலை திருப்பிச் சொல்லுது, எனக்கே கேக்குது. இவங்க கரையில உக்காந்துக்கிட்டு, 'கேக்கலை'ங்குறாங்க. மறுபடி இடுறேன். 'கேக்கலை.' ஹ ஹ! விடிய விடிய 'கேக்கலை'தான். காலையில பாத்தா எனக்கு வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது!"

சொரிமுத்து சிரிக்கலை.

"இன்னும் இருக்கு கேளு. அந்த வாரம் எங்கம்மா பாக்க வந்தாங்க. எனக்குப் பேச்சே வரலை. எலும்பும் தோலுமா நின்னுக்கிட்டு அவங்க என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுறேன். அம்மாவுக்கு ஒரே சந்தோசம். 'காலேஜுக்குப் போனதும் என் புள்ளை எவ்வளவு அடக்கமாயிட்டான்'னு பக்கத்து வளைக்கெல்லாம் சொல்லிட்டுப் போயிட்டாங்க!" தவசி தொடையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "அப்புறம் குரல் திரும்ப வரவே இல்லை. இப்பக் கேக்குறியே, இந்தக் கீச்சுதான் மிச்சம். மன்றத்துல எனக்கு என்ன வேலை தெரியுமா? பாய் விரிக்கிறது!"

"இதுல சிரிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?"ன்னான் சொரிமுத்து.

தவசி தொடையில அடிக்க ஓங்கின கையை இறக்கினான். இந்தக் கேள்வியை இதுவரைக்கும் அவனை யாரும் கேட்டதில்லை.

அப்பத்தான் விழுந்துச்சு. ஒரு சொட்டு. எருமைக் கண்ணுச் சொட்டு. பாறை மேல விழுந்த சத்தம் பக்கத்துல மேய்ஞ்ச முயலுக்கே கேட்டுச்சு. பின்னாடியே இன்னொண்ணு. அப்புறம் குழாயை மூட மறந்த மாதிரி ஊத்த ஆரம்பிச்சுது. அதைப் பாத்ததும் தவசி மூக்கை உறிஞ்சினான். அவனும் அழுதான்.

சத்தம் கேட்டு பூவலிங்கமும் மன்றத்துப் பசங்களும் ஓடி வந்தாங்க. பூவலிங்கம் பாறையைப் பாத்தாரு. குனிஞ்சு நக்கிப் பாத்தாரு. உப்புக் கரிச்சுது.

"சபாஷ்! தவசி, முறை முடிஞ்சுதுடா! இனிமே நீ சீனியர்!" முதுகுல ஓங்கி ஒரு தட்டு தட்டினாரு. "எதைச் சொல்லிடா அழ வச்ச?"

"என் கதையைத்தான்ணே சொன்னேன்."

சொரிமுத்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே பூவலிங்கத்துப் பக்கம் திரும்பினான். "உங்களை என்ன சார் பண்ணாங்க?"

"எங்களையா?" பூவலிங்கம் கட கடன்னு சிரிச்சாரு. "எங்க செட்டுல பண்ணதெல்லாம் உங்களுக்குத் தாங்காதுடா. நான் வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க, மண்ணுல மூக்கை வைக்கக்கூடாது, கிழங்கு திங்கக்கூடாதுன்னு. மல்லாக்கப் படுத்து வானத்தைப் பாருன்னுட்டாங்க. நாள் பூரா. நீயே சொல்லு, பன்னிக்கு வானம் என்னத்துக்குடா?" சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. "அதுவரைக்கும் நான் அதைப் பாத்ததே இல்லைடா. அவ்வளவு பெரிசா இருந்துச்சு. மேல பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லை. விழுந்துருவேனோன்னு ஒரே பயம். யாராவது ஒருத்தன் காலைப் பிடிச்சுக்க மாட்டானான்னு..."

பூவலிங்கம் பொத்துன்னு உக்காந்து ஓன்னு அழுதாரு. அவரு அழுததும் குரங்குங்க அழுதுச்சு. அதுங்களை வாலைச் சுருட்டி வச்சுக்கிட்டு நடக்க விட்டிருந்தாங்களாம். நரிங்க அழுதுச்சு. ஊளை மன்றம் ஆரம்பிச்ச நாள்லருந்து அவ்வளவு நல்ல ஊளை அங்க கேட்டதில்லை.

அது மடு வரைக்கும் கேட்டுச்சு. முதலை வாயை மூடினாரு. அப்பத்தான் அவரு முழிச்சிருக்காருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. கொக்கையும் கூட்டிக்கிட்டு ஊர்ந்து வந்து சேந்தாரு.

வந்து பாத்தா, சீனியருங்க எல்லாரும் வட்டமா உக்காந்து தேம்பித் தேம்பி அழுவுறாங்க. நடுவுல ஒரே ஒரு ஜூனியர். அவன் அழுது முடிச்சிட்டு அசை போட ஆரம்பிச்சிருந்தான்.

முதலை ஒரு சொட்டை நகத்துல தொட்டுப் பாத்தாரு. கண்ணீர் விஷயத்துல அவருக்கு அனுபவம் ஜாஸ்தி. "அசல்"ன்னாரு. "இவ்வளவு அசல் கண்ணீரை நான் பாத்ததில்லை. இது ராகிங். யாரு பண்ணது?"

எல்லாரும் அவசரமா மூக்கைத் துடைச்சாங்க.

"இங்க அழாதவன் யாரு?"

எல்லாரும் சொரிமுத்துவைப் பாத்தாங்க.

"நான் முடிச்சுட்டேன் சார்"ன்னான் அவன்.

"முடிச்சுட்டானாம்! எழுதிக்கய்யா"ன்னாரு முதலை கொக்குகிட்ட. "எருமை சொரிமுத்து. சீனியர் மாணவர்களை ராகிங் செய்து முடித்ததாக ஒப்புக்கொண்டான். இன்னிக்கே டிஸ்மிஸ்."

பூவலிங்கம் தரையைப் பாத்தாரு. வாயைத் திறந்தா முறையைப் பத்திச் சொல்லணும். குரங்குங்க ஒண்ணுக்கொண்ணு பேன் பாத்துச்சுங்க. சொரிமுத்து யாரையும் கெஞ்சலை. என்ன நடக்குதுன்னு அவனுக்குச் சரியா விளங்கவும் இல்லை. காதுல உக்காந்த ஈயை ஓட்டிட்டு தவசியைப் பாத்தான். சும்மாதான் பாத்தான்.

தவசி இப்பத்தான் சீனியர் ஆகியிருக்கான். பேசாம இருந்தா போதும். ஒண்ணும் பண்ண வேணாம், வாயை மூடிக்கிட்டு நின்னாலே மேட்டுப் பாறை அவனுக்கு, அண்ணே அவனுக்கு, கழுகு யோசிக்கும். எல்லாரும் அதைத்தானே பண்றாங்க.

"அய்யா, அவன் பண்ணலை"ன்னான் தவசி.

"என்ன?"

"அவன் பண்ணலைய்யா."

"கேக்கலை"ன்னாரு முதலை.

தவசிக்குக் கால் ரெண்டும் ஜில்லுன்னு ஆச்சு. எதிர மலை நின்னுச்சு. ஒரு மூச்சு இழுத்து, இருக்குற கீச்சுக் குரலை எல்லாம் திரட்டி, மூணாவது தரமும் கத்தினான். "அவன் பண்ணலைய்யா! நான்தான் அவனைப் பண்ணேன்! என்னை இவங்க பண்ணாங்க! இவங்களை இவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க பண்ணாங்க!"

முதலை கீரியைப் பாத்தாரு. எருமையைப் பாத்தாரு. "நீ? அவனை?" அவரு வயிறு குலுங்குச்சு. "நம்புற மாதிரி எதையாவது சொல்லுப்பா."

கொக்கு தொண்டையைக் கனைச்சுது. "அது மட்டும் இல்லைங்கய்யா. நம்ம காலேஜ்ல சீனியர் யாரும் ராகிங் பண்றதில்லைன்னு மேலிடத்துக்கு நாம ஏற்கெனவே எழுதிக் குடுத்தாச்சு. அதனால இவன் சொல்றது நடந்திருக்க முடியாது."

தவசி விடலை. "சரிய்யா. சட்டப்படியே கேக்குறேன். ஜூனியர் எப்படிய்யா சீனியரை ராகிங் பண்ண முடியும்? அப்படிச் சட்டத்துல இருக்கா?"

கொக்கு காலை மாத்தி நின்னு யோசிச்சுது. அது காலை மாத்துறது அபூர்வம். "பையன் கேக்குறது சரிதாங்கய்யா. ராகிங்னா சீனியர் ஜூனியரைப் பண்றதுதான். இதை இப்படியே எழுதினா மேல திருப்பி அனுப்பிடுவாங்க."

முதலை கண்ணை மூடினாரு. எல்லாரும் காத்திருந்தாங்க. தூங்கிட்டாரோன்னு பூவலிங்கம் மெல்ல நகரப் பாத்தப்போ கண்ணைத் திறந்தாரு. "இதுக்கு எதுக்குய்யா குழப்பம்? அழுதவன் எல்லாம் ஜூனியர், அழ வச்சவன் சீனியர்னு ஆணை போடு. சட்டத்துக்குப் பொருந்திடும்ல?"

"பொருந்திடும்ங்கய்யா."

"போட்டாச்சா? சரி. இப்ப, சீனியர் சொரிமுத்து ஜூனியருங்களை ராகிங் பண்ணதா வழக்கு. தீர்ப்பு எழுதலாமா?"

கொக்கு மறுபடி கனைச்சுது. "எழுத முடியாதுங்கய்யா. சீனியர் யாரும் ராகிங் பண்றதில்லைன்னுதான் எழுதிக் குடுத்திருக்கோமே."

"அதுவும் சரிதான்"ன்னாரு முதலை. "அப்ப வழக்கு தள்ளுபடி. எல்லாரும் போய்ப் படிங்க." போறப்போ சொல்லிட்டுப் போனாரு, "ஆணை மட்டும் இருக்கட்டும். போட்ட ஆணையைக் கிழிக்கக்கூடாது."

ஆக, ஊளை மன்றத்துல ஒரே ஒரு சீனியர் மிஞ்சினாரு. சொரிமுத்து. இனிமே அவரை 'ரு' போட்டுத்தான் சொல்லணும். பூவலிங்கத்தை 'அவன்'னு சொன்னாப் போதும்.

தவசி எதுக்காக வருஷம் பூரா பயந்தானோ அதுவே நடந்துச்சு. மறுநாள் காலையில மன்றத்துப் பாறை முன்னாடி அவனும் ஜூனியரா வரிசையில நின்னான். பக்கத்துல பூவலிங்கம். குரங்குங்க, நரிங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சுங்க. வெயில் ஏற ஏற, என்னத்தைப் பண்ணச் சொல்லுவாரோன்னு ஒவ்வொருத்தனும் யோசிச்சான். தங்களுக்கு நடந்ததையும், தாங்க பண்ணதையும் சேத்துக் கணக்குப் போட்டா, பெரிய தொகையா வந்துச்சு.

சொரிமுத்து ஆடி அசைஞ்சு வந்தாரு. "என்னப்பா, எல்லாரும் வெயில்ல நிக்கிறீங்க?"

பூவலிங்கம் ஒரு அடி முன்னாடி வந்தான். "சார், நாங்க தயார் சார். ஆரம்பிங்க சார்."

"என்னத்தை?"

"ராகிங் சார்."

"ஐயோ, என்னால ஆகாதுப்பா." சொரிமுத்து நிழல் பாத்து மடிஞ்சு உக்காந்தாரு. "ஒருத்தரை அழ வைக்கிறதுன்னா லேசா? இந்தத் தவசியைப் பாரு. என் ஒருத்தனை அழ வைக்க நாயா அலைஞ்சு வால் முடியெல்லாம் கொட்டிப் போச்சு. நீங்க இத்தனை பேரு இருக்கீங்க. ஒவ்வொருத்தனுக்கும் யோசிச்சு, சொல்லி, கரையில நின்னு பாத்து... எப்ப சாப்பிடுறது, எப்ப தூங்குறது?"

"அப்படிச் சொன்னா எப்படி சார்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்க எங்களை அழ வச்சாத்தான் சார் நாங்க உறுப்பினர். அப்புறம் நாங்க ஒருத்தனை அழ வச்சாத்தான் சீனியர்."

"அழணும்னா அழுதுக்கப்பா. யாரு வேணாம்னா?"

"நீங்க அழ வைக்கணும் சார்!"

"சரி, பாப்போம். முதல்ல கொஞ்சம் கண்ணசந்துக்கிறேன்." கண்ணை மூடிட்டாரு.

பூவலிங்கத்துக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. நேரா மடுவுக்குப் போய்ப் புகார் குடுத்தான். "அய்யா, எங்க சீனியர் எங்களை ராகிங் பண்ண மாட்டேங்குறாரு. கேட்டா தூங்குறாரு. எங்க எதிர்காலமே பாழாப் போவுதுங்கய்யா." முதலை வாயைத் திறந்து வச்சுக்கிட்டுக் கிடந்தாரு. கேட்டாரா இல்லையான்னு தெரியலை. பூவலிங்கம் இன்னமும் அங்கதான் நிக்குறான்னு சொல்றாங்க.

மத்தவங்க கொஞ்ச நேரம் வரிசையில நின்னு பாத்தாங்க. கால் வலிச்சுது. ஒவ்வொருத்தரா உக்காந்தாங்க. பசிச்சுது, சாப்பிடப் போனாங்க. தவசி எருமை நிழல்லயே படுத்துக்கிட்டான். எருமை கழுகைப் பாத்துப் பயப்படுற ஜாதி இல்லை. அது பக்கத்துல படுத்தா மேட்டுப் பாறையைவிடப் பாதுகாப்புன்னு அன்னிக்குத்தான் கண்டுபிடிச்சான்.

அடுத்த ஜூன்ல, ஊளை மன்றத்துல சேர ஒரு அணில் வந்துச்சு. தவசிகிட்ட ரகசியமாக் கேட்டுச்சு. "அண்ணே, இங்க ராகிங் எல்லாம் உண்டுங்களா?"

"உண்டு"ன்னான் தவசி. "சீனியர் இன்னும் எந்திரிக்கலை."

நீதி: ராகிங்கை ஒழிக்கச் சட்டம் வேணாம், கமிட்டி வேணாம், பலகையும் வேணாம். மொத்த அதிகாரத்தையும் ஒரு சுத்தச் சோம்பேறிகிட்டக் குடுத்துட்டு, சத்தம் போடாம இருந்தாப் போதும்.